கம்மி பண்ணு

1

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் ஜெனி, ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்: "அம்மா, ஏசியக் கீழ போடு."

என் கணவர் தாஸ் கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "கீழ போட்டா ஒடஞ்சிடாதா?"

"நைனா, ப்ளீஸ்!" என்று அவள் கண்ணை உருட்டினாள்.

ஜெனிக்குப் பதினாலு வயது. ஐந்து வயதில் கனடாவுக்கு வந்தவள். அப்பாவை நைனா என்று கூப்பிடுவதை மட்டும் இன்னும் விடவில்லை. அவள் பள்ளியில் பாதிப் பேர் தாஸின் பெயரே நைனா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி அவள் பேசுவது, ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் இறக்கி வைக்கும் தமிழ். 'டர்ன் இட் டவுன்' என்பதுதான் அன்றைக்கு அவள் வாயில் கீழே விழுந்தது.

அவள் கேட்டது நம்பரை இறக்கச் சொல்லி. அதாவது இன்னும் குளிர வேண்டும். நான் இருபத்து நாலிலிருந்து இருபதுக்கு இறக்கினேன். பத்து நிமிடம் ஆகவில்லை, தாஸ் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஸ்டெல்லா, அத்தக் கொஞ்சம் கம்மி பண்ணேன்." அவர் கம்மி பண்ணச் சொன்னது குளிரை. அதற்கு நம்பரை ஏற்ற வேண்டும். மகள் கேட்பதும் குறைக்க, அப்பா கேட்பதும் குறைக்க. ஒருத்திக்கு இருபது, இன்னொருவருக்கு இருபத்தாறு. நான் இந்த ஹாமில்டன் ஊர் முழுக்கக் கூரை ஏறி ஏசி பார்க்கிறவள். என் வீட்டுச் சண்டைக்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

இந்தக் 'கம்மி' என்ற வார்த்தை எனக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தது. அப்புறம் ஒருநாள், என் பிள்ளையை என்னிடம் வரவிடாமல் பண்ணப் பார்த்தது. கும்மிடிப்பூண்டி பக்கத்து ஜனங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

எங்களுக்கு மீஞ்சூர். அப்பா சின்ன வயசில் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர், பிறகு ஒரு தொழிற்சாலையில் லோடு இறக்கினார். ஒரு மே மாதம் அந்தத் தொழிற்சாலை ஆபீஸ் ரூமில் ஏதோ கையெழுத்துப் போடப் போனவர், வீட்டுக்கு வந்து, "ஏசின்னு ஒண்ணு கீது. அத்த ரிப்பேர் பண்றவன் மட்டும் எப்பவும் அத்த கிட்டயே இருப்பான் போல" என்றார். அந்தக் கணக்கை நம்பித்தான் என்னை ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் பிரிவில் சேர்த்தார். ஏசி மெக்கானிக் எப்போதும் இருப்பது ஏசியின் வெளிப்பக்கம், அனல் அடிக்கும் பக்கம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

படித்து முடித்ததும் காக்களூர் தேவராஜ் சாரிடம் சேர்ந்தேன். அவர் தொழிற்சாலைகளின் ஏசிகளைப் பராமரிக்கும் கான்ட்ராக்டர். என்னைக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அனுப்பினார். காலை ரயிலில் பொன்னேரி தாண்டிப் போய் இறங்கினால், முதல் வேலை மொட்டை மாடி ஏறுவது. அங்கே ஆளுயர இரும்பு அலமாரிகள் மாதிரி யூனிட்டுகள் உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் மாற்ற வேண்டும், பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், காயில் என்கிற குழாய்ச் சுருளைக் கழுவ வேண்டும். சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். காயிலில் தண்ணீர் அடித்தால் டிகாஷன் மாதிரி கறுப்பாக ஓடும். மதியம் பன்னிரண்டுக்கு அந்த மாடியில் ஸ்பேனரைக் கீழே வைத்தால், மறுபடி எடுக்கத் துணி வேண்டும்.

ஒரு தொழிற்சாலையில் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் ஹால் இருந்தது. தூசி கூடாது என்று தொப்பியும் அங்கியும் இல்லாத யாரையும் உள்ளே விட மாட்டார்கள். அந்த ஹாலின் ஏசியை மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டேனே தவிர, ஒருநாளும் உள்ளே போனதில்லை. தினமும் காலையில் இருபத்திரண்டில் வைப்பேன். தினமும் பதினோரு மணிக்கு ஹால் சூப்பர்வைசர் மாடிப் படியேறி வருவார்.

"மேடம், கொஞ்சம் கம்மி பண்ணுங்க. பொண்ணுங்கல்லாம் நடுங்குதுங்க."

"எத்தினி பேரு நடுங்குது?"

"இருவது பேரு இருக்கும் மேடம்."

எங்களிடம் ஒரு புகார் நோட்டு உண்டு. அதில் எழுதுவேன்: 'இருபது பேர். குளிர். குறைக்கப்பட்டது.' நம்பரை இருபத்தாறுக்கு ஏற்றுவேன். அடுத்த நாள் பன்னிரண்டு பேர் நடுங்குவார்கள். அதற்கடுத்த நாள் முப்பது பேர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே முப்பது பேர் குளிரில் நடுங்குகிறார்கள் என்றால், ஏசி ஹாலில் உட்காருகிறவர்களுக்கு எப்போதும் குளிரும்போல என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அனலில் நிற்கிறவளுக்குக் குளிரில் இருக்கிறவர்களைப் பார்த்து ஒரு பரிதாபம்கூட வந்தது.

நோட்டு பாதி நிரம்பியபோது, அந்த சூப்பர்வைசர் ஒருநாள் நடுங்குகிறவர்கள் எண்ணிக்கையைச் சொல்லாமல், "மேடம், நீங்க எந்தக் கோயிலுக்குப் போவீங்க?" என்று கேட்டார். அவர்தான் தாஸ். அடுத்த ஜனவரியில் மீஞ்சூர் மாதா கோயிலில் எங்கள் கல்யாணம்.

3

கனடாவுக்கு நான்தான் முதலில் வந்தேன், தனியாக. ஜெனிக்கு அப்போது மூன்றரை வயது. ஆறே மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். எந்த ஆறு மாதம் என்று சொல்லவில்லை, அந்த மட்டில் பிழைத்தேன்.

இங்கே கூரை ஏற ஏணி மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். ஏழு வருஷம் என்ன வேலை செய்தேன் என்று பழைய முதலாளியிடம் கடிதம் வாங்கித் தரச் சொன்னார்கள். தேவராஜ் சார் மறுநாளே அனுப்பிவிட்டார். 'ஸ்டெல்லா அவர்கள் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எல்லா டெரஸ் ஏசிகளையும் பழுது பார்த்தவர், நல்ல குணம் உடையவர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் மூன்று முத்திரை. உரிமம் தரும் அலுவலகத்து அதிகாரி அதை இரண்டு தரம் படித்தார். இந்த ஊரில் டெரஸ் என்றால் ஹோட்டலுக்கு வெளியே திறந்தவெளியில் குடை நட்டு, நாற்காலி போட்டுக் காபி குடிக்கும் இடம்.

"வெட்டவெளிக்கா ஏசி போட்டீர்கள்?" என்று கேட்டார்.

"ஆமாம் சார், வெட்டவெளியில்தான்" என்றேன் நான், பெருமையாக.

மனு திரும்பி வந்தது. தேவராஜ் சாருக்குப் போன் போட்டேன். அவருக்குக் கோபம். "இன்னாம்மா பேஜாரா கீது. மொட்ட மாடிக்கு இங்கிலீஷ்ல டெரஸ்தான? நான் படிச்ச இஸ்கூல்ல அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க." இரண்டாவது கடிதத்தில் ரொம்பத் தெளிவாக எழுதினார்: 'மேலே கூரை எதுவும் இல்லாத கூரை.' அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது கடிதத்தை நான் சொல்லச் சொல்ல எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்தில் பதினோரு மாதம் போயிற்று. அந்தப் பதினோரு மாதமும் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக மார்கரெட் என்ற அம்மாள் நடத்தும் சின்ன ஏசி கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்ததும் பிடித்திருந்தால் நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் தாஸுக்கும் ஜெனிக்கும் விசா கேட்க முடியும். கிடைக்காவிட்டால் மறுபடி படுக்கை விரிப்பு, மறுபடி முதலிலிருந்து.

ஊரில் ஜெனியைப் பார்த்துக்கொண்டது தாஸின் அக்கா. அவளையே அம்மா என்று ஜெனி கூப்பிடத் தொடங்கியிருந்தாள். என்னைப் 'போன் அம்மா' என்றாள். "போன் அம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கக் கடிதத்தில் என் பிள்ளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

4

சோதனைக் காலத்தின் கடைசி வாரம், புதன்கிழமை. நல்ல ஜூலை வெயில். இந்த ஊருக்கும் வெயில் வரும், நம்ப மாட்டீர்கள். என்னை டக் என்கிற சீனியர் மெக்கானிக்கோடு அனுப்பினார்கள். டக் என்றால் வாத்து இல்லை, ஆளின் பெயர். ஆறடி உயரம், அதிகம் பேச மாட்டார், பேசினால் பாதி வார்த்தை மீசைக்குள்ளேயே தங்கிவிடும்.

வேலை ஒரு பிங்கோ ஹாலில். நம் ஊரில் தம்போலா ஆடுவோமே, அதே ஆட்டம்தான். இங்கே வயதான பெண்கள் நூற்றுக்கணக்கில் கூடி, மூச்சுக்கூட விடாமல் ஆடுவார்கள். ஹால் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் பழுது. புதுசு வரும்வரை கூரைமேல் யூனிட்டுக்குள் இருக்கும் பெட்டியில்தான் அளவை வைக்க வேண்டும். டக் கீழே ஹாலில் நின்று போனில் சொல்வார், நான் மேலே வைப்பேன். அளவு ஃபாரன்ஹீட்டில். எழுபத்து நாலில் இருந்தது, நம் கணக்கில் இருபத்து மூன்று சொச்சம்.

போன் அடித்தது. பக்கத்தில் பெரிய விசிறி ஓடுகிற சத்தம், காதில் பாதிதான் விழுந்தது. "ஹால் நிறைய ஆள். டர்ன் இட் டவுன். நாலு."

டவுன் என்றால் கம்மி. கம்மி பண்ணு என்றால் என்ன பண்ண வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை நூறு தடவை பண்ணியிருக்கிறேன்! பாவம், வயசான பொம்பளைங்க, நடுங்குகிறார்கள். நாலு ஏற்றி எழுபத்தெட்டில் வைத்தேன்.

ஏழெட்டு நிமிடத்தில் மறுபடி போன். "இன்னும் டவுன்!"

அடடா, இன்னும் குளிருகிறதா? எண்பத்திரண்டு.

மூன்றாவது தடவை போனில் டக்கின் குரல் மீசையைத் தாண்டி முழுசாக வந்தது. "டவுன், ஸ்டெல்லா, டவுன்! இவர்கள் செத்துவிடுவார்கள்!"

குளிரில் ஒரு உயிர் போய்விடக் கூடாது மாதாவே என்று சொல்லிக்கொண்டே எண்பத்தாறுக்கு ஏற்றினேன். நம் கணக்கில் முப்பது. ஏசி சுத்தமாக நின்று, வெறும் காற்று மட்டும் ஓடியது. நிம்மதியாக முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கீழே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். இருநூறு பெண்களும் பிங்கோ அட்டையால் விசிறிக்கொண்டு ஒரே குரலில் டக்கைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு அம்மாள் தன் டோப்பாவைக் கழற்றி அதால் விசிறிக்கொண்டாராம். கேன்டீனில் இருந்த ஐஸ்கிரீமையெல்லாம் மானேஜர் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். எந்தச் சேதமும் இல்லை. ஆனால் ஆட்டம் பாதியில் நின்றுபோனது, அதை அவர்கள் மன்னிக்கவே இல்லை.

டக் ஏணி ஏறி வந்து பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"டவுன் என்று எத்தனை தடவை சொன்னேன்?"

"மூணு தடவை, சார்."

"நீ எத்தனை தடவை ஏற்றினாய்?"

"மூணு தடவை கம்மி பண்ணினேன், சார்."

அவர் தானே அளவை இறக்கி வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். பிங்கோ ஹால் மானேஜர் அன்றைக்கே மார்கரெட்டுக்குப் புகார்க் கடிதம் எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லி எனக்குச் செய்தி வந்தது. நிரந்தர வேலைக் கடிதம் வர வேண்டிய அதே வெள்ளிக்கிழமை.

5

வியாழக்கிழமை ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அங்கே மறுநாள் விடிந்து நாஷ்டா நேரம். நடந்ததைத் தாஸிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. "மூணு தடவ டவுன்னு சொன்னாரு. ஏசி ஹால்ல எப்பவும் குளுரும்னுதான நான் நெனச்சேன்? நம்ம ஹால்ல அத்தினி பொண்ணுங்க நடுங்குச்சிங்களே?"

மறுமுனையில் தாஸ் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஸ்டெல்லா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"இன்னாங்க?"

"அந்த ஹால்ல யாரும் நடுங்கல."

"இன்னா சொல்றீங்க?"

"உன்னாண்ட பேசணும்னு வந்தேன். வேற இன்னா சொல்லிக்கினு மாடி ஏறுறது? கம்மி பண்ணுன்னு சொல்லிட்டு எறங்கிடுவேன். கீழ பொண்ணுங்கல்லாம் புழுங்கிப்போயி என்னியத் திட்டிக்கினு கெடக்கும்."

"அப்ப முப்பது பேரு நடுங்குதுன்னு சொன்னீங்களே?"

"அந்த ஹால்ல மொத்தமே பதினாறு பேருதான்."

இப்படி ஒரு மனுஷனோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமா", "கரெக்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திட்டி முடித்தபோது அழுகை நின்றுபோயிருந்தது. கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் கோபத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனேன்.

6

மார்கரெட் அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். மேசைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று பிங்கோ ஹால் புகார், இன்னொன்று தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது. அந்தக் கவிழ்ந்த காகிதம் என் கடிதமா, வேலையை விட்டுப் போகச் சொல்லும் உத்தரவா என்று தெரியவில்லை. என் கண் அதைவிட்டு நகரவில்லை.

"டவுன் என்றால் கீழே. இதில் என்ன குழப்பம்?" என்று கேட்டார்.

"மேடம், எங்கள் ஊரில் ஏசியைக் கம்மி பண்ணு என்றால் குளிரைக் கம்மி பண்ணுவது. நம்பரை இல்லை. ஏசியின் வேலை குளிர வைப்பது. அந்த வேலையைக் குறை என்றால் நம்பர் ஏறத்தானே வேண்டும்?"

"அது உங்கள் ஊர். இங்கே இங்கிலீஷ்."

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது, தாஸ் மேல் இருந்த கோபமாகத்தான் இருக்க வேண்டும். "என்னை அனுப்புவதென்றால் அனுப்புங்கள் மேடம். அதற்கு முன்னால் வெளியே இருக்கிற ஆறு பேரையும் கேளுங்கள். பேசக் கூடாது, எழுதச் சொல்லுங்கள். ஏசியை டர்ன் டவுன் பண்ணச் சொன்னால் நம்பரை ஏற்றுவார்களா, இறக்குவார்களா?"

அவர் எழுந்து பட்டறைக்குப் போய், டக் உட்பட ஆறு மெக்கானிக்குகளுக்கும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். ஆறு பேருமே இந்த ஊரில் பிறந்தவர்கள், ஆங்கிலம் தவிர வேறு பாஷை தெரியாதவர்கள். நான் கதவருகே நின்று எல்லா மாதாக்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று துண்டில் இறக்குவேன். மூன்று துண்டில் ஏற்றுவேன்.

அப்புறம் அங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டக்கோடு பன்னிரண்டு வருஷமாக ஒரே வண்டியில் போன பீட் என்பவர் ஏற்றுவேன் என்று எழுதியிருந்தார். "பன்னிரண்டு வருஷமாக நான் டவுன் என்று சொன்னபோதெல்லாம் என்ன செய்தாய்?" என்று டக் கேட்டார். "நீ சொன்னதைத்தான் செய்தேன்" என்றார் பீட். இரண்டு பேரும் எந்தெந்தக் கட்டிடத்தில் எந்தெந்தத் தகராறு எதனால் வந்தது என்று கத்திக் கத்திக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். மார்கரெட் அம்மாள் அந்த ஆறு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்திருந்தேன்."

ஆனாலும் என்னை அப்படியே விட்டுவிடவில்லை. ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். "வார்த்தை உன் தப்பில்லை. ஆனால் மூன்று தடவை ஏற்றினாயே, ஒரு தடவையாவது கீழே இறங்கிப் போய் அந்த ஹாலில் நின்று பார்த்தாயா?"

கும்மிடிப்பூண்டியில் அந்த ஹாலுக்குள் ஒருநாள் ஒரு நிமிடம் போயிருந்தால்கூடப் பதினாறு பேர் புழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் தாஸ் பாடு என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை. "இல்லை மேடம்" என்றேன். "இனிமேல் போவேன்."

கவிழ்த்து வைத்திருந்த காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நிரந்தர வேலைக் கடிதம். திங்கட்கிழமையே தட்டச்சு செய்து வைத்திருந்தது. அதில் கையெழுத்து மட்டும் இல்லை. என் கண்ணெதிரே பேனாவை எடுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் அப், டவுன் இரண்டுக்கும் தடை. ஏசி விஷயத்தில் யாரும் சொல்லக் கூடாது. குளிருக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று டக் கேட்டார். 'ஜில்' என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது, மீசையில் மாட்டாத வார்த்தை. இப்போது என்னோடு சேர்த்து ஏழு பேரும் போனில் 'மோர் ஜில்', 'லெஸ் ஜில்' என்றுதான் பேசிக்கொள்கிறோம். ஜில் என்பது இந்த ஊரில் பெண்கள் பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் யாரையாவது தனியாகக் கூப்பிட்டு, இந்த ஜில் என்கிற பொம்பளை யார், எங்கே உட்காருவாள் என்று விசாரிப்பார்கள். நாங்கள் சொல்வதில்லை.

7

கடிதம் வந்ததைத் தாஸுக்குச் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பக்கத்தில் இருந்த ஜெனியிடம், "போன் அம்மாகிட்ட நாம போப்போறோம்" என்றார். "போன் உள்ளயா?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

விசா வர ஜனவரி ஆகிவிட்டது. எங்கள் கல்யாண மாதம். விமான நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் கனத்த ஜாக்கெட் வாங்கி எடுத்துப் போனேன். போன அவசரத்தில் அதைக் காரிலேயே வைத்துவிட்டேன். இத்தனைக்கும் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

தாஸ் முழுக்கை சட்டைக்குமேல் மீஞ்சூர் மழைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். தோளில் ஜெனி. ஒன்றரை வருஷத்தில் அவள் கால்கள் நீண்டுபோயிருந்தன. என்னைப் பார்த்தாள், போனில் வருகிற முகம்தானா என்று சரிபார்த்தாள், அப்புறம் கையை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் என் காதை ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

காருக்குப் போகலாம் என்று கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்தோம். காற்று ஒரு அறை அறைந்தது. தாஸ் அங்கேயே நின்றுவிட்டார். பல் கிடுகிடுக்கிறது, உதடு நீலமாகிறது. கும்மிடிப்பூண்டி மாடியில் வேர்வை வழிய நின்றுகொண்டு தினம் ஒரு குளிர்ப் பொய் சொன்ன மனுஷன், வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே நடுங்கினார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார்.

"மே... மேடம். கொ... கொஞ்சம் கம்... கம்..."

"எத்தினி பேரு நடுங்குது?" என்று கேட்டேன்.

அவர் ஜெனியைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், விறைத்த இரண்டு விரலைக் காட்டினார்.

ஜெனியின் கன்னம் என் கழுத்தில் சூடாகத்தான் இருந்தது. கையில் ஜாக்கெட் இல்லை, கார் ரொம்ப தூரத்தில் இருந்தது, என் கால் இரண்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. அது குளிரால் இல்லை.

"மூணுன்னு எழுதிக்கோங்க" என்றேன்.